கேட்பாரற்ற இரண்டு மணி நேரம்

சனிக்கிரகத்தின் நிலவான டைட்டனில் இறங்கிய ஹைகன்ஸ் ஆய்வுக்கலம் அங்கே எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது? இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அதைக் கட்டியவர்கள் உறுதியளித்தது 3 நிமிடம். பெரும்பாலான நூல்கள் சொல்வது 72 நிமிடம். பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது ஏறத்தாழ 3 மணி 14 நிமிடம்.

மூன்றும் சரியான விடைகளே. உயிர் என்ற சொல்லை ஒவ்வொரு விடையும் வேறு பொருளில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த மூன்று எண்களும் எப்படி உண்டாயின என்று தேடிப் போனால், மூன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு விரிகிறது. விண்வெளிப் பயணங்களின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ராக்கெட்டுகளின் வரலாறாகவே படித்திருக்கிறோம். டைட்டனில் நடந்ததைப் புரிந்துகொள்ள, காது கொடுத்துக் கேட்டவர்களின் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

*

1655ஆம் ஆண்டு. ஹாலந்தின் தி ஹேக் நகரில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்ற இளைஞர் தம் அண்ணனுடன் சேர்ந்து கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய தந்தை கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் டச்சு மொழியின் பெருங்கவிஞர்களில் ஒருவர். அரசவையில் செயலராக இருந்தவர். சகோதரர்கள் தேய்த்த வில்லையைப் பொருத்திய 12 அடித் தொலைநோக்கியால் மார்ச் 25 அன்று கிறிஸ்டியான் சனியைப் பார்த்தார். அருகே ஒரு சிறு ஒளிப்புள்ளி. அடுத்தடுத்த இரவுகளில் அது சனியை விட்டு விலகாமல் இடம் மாறிக்கொண்டிருந்தது. சனிக்கு ஒரு நிலவு உண்டு என்பதை மனிதர்கள் முதன்முதலாக அறிந்துகொண்டது அப்போதுதான். ஹைகன்ஸுக்கு அன்று 26 வயது நிறைந்திருக்கவில்லை.

அக்காலத்து வழக்கப்படி அவர் கண்டுபிடிப்பை உடனே வெளிப்படையாக அறிவிக்கவில்லை. ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் வரியொன்றை எடுத்து, அதோடு சில உதிரி எழுத்துகளைச் சேர்த்து, புதிராக நண்பர்களுக்கு அனுப்பினார். எழுத்துகளைச் சரியாக மாற்றி அடுக்கினால், சனியை அதன் நிலவு 16 நாள் 4 மணி நேரத்தில் சுற்றிவருகிறது என்ற செய்தி லத்தீனில் கிடைக்கும். இன்றைய கணக்கு 15 நாள் 22 மணி நேரம். கைத்தொழிலாகச் செய்த வில்லையை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கி வந்தது வியப்புதான். ஓவிட்டின் அந்த வரி கீறப்பட்ட வில்லை இன்றும் உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறு ஆண்டே அவர் ஊசல் கடிகாரத்தை வடிவமைத்தார். காலத்தைத் துல்லியமாக அளக்க முடியாமல் வானத்தை அளக்க முடியாது என்று அறிந்தவர் அவர். அவருடைய பெயரைச் சுமந்துசென்ற கலத்தின் கதையிலும் ஒரு கடிகாரம் வருகிறது. அது பின்னால்.

*

கண்டுபிடித்த நிலவுக்கு டைட்டன் என்ற பெயர் 1847இல்தான் வந்தது. வைத்தவர் ஜான் ஹெர்ஷல். 1907இல் ஸ்பெயின் நாட்டு வானியலாளர் ஹோசெப் கோமஸ் சோலா, டைட்டனின் விளிம்பு அதன் நடுப்பகுதியைவிட மங்கலாக இருப்பதைக் கண்டு அங்கே காற்று இருக்கலாம் என்றார். 1944இல் ஜெரார்ட் கைப்பர் அதன் ஒளியைப் பகுத்து மீத்தேன் வாயுவின் தடத்தைக் கண்டார். நிலவொன்றுக்கு அடர்ந்த வளிமண்டலம் இருப்பது வேறெங்கும் காணாத ஒன்று.

1980 நவம்பர் 12 அன்று வாயேஜர்-1 டைட்டனுக்கு மிக அருகே கடந்துசென்றது. அப்படி அருகே செல்வதற்காக மற்ற கிரகங்களை நோக்கிய தன் எதிர்காலப் பாதையையே அந்தக் கலம் விலையாகக் கொடுத்தது. கிடைத்த படங்களில் இருந்ததோ ஆரஞ்சு நிறத்தில் ஒரு மழுங்கிய பந்து. தரை துளியும் தெரியவில்லை. ஆனால் பிற கருவிகள் சொன்ன செய்தி பெரிது. அங்குள்ள காற்று பெரும்பாலும் நைட்ரஜன், பூமியைப் போலவே. தரையில் அழுத்தம் பூமியைப்போல் ஒன்றரை மடங்கு. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 180 டிகிரி. அந்தக் குளிரில் பூமியில் தண்ணீர் ஆற்றும் வேலையை அங்கே மீத்தேன் ஆற்றக்கூடும்: மேகமாகலாம், மழையாகலாம், ஓடலாம், தேங்கலாம்.

திரையை விலக்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்போதே பிறந்துவிட்டது. 1982இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்திடம் பிரான்ஸைச் சேர்ந்த டேனியல் கோத்தியேவும் விங்-ஹுவென் இப் என்ற அறிவியலாளரும் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். சனியைச் சுற்றிவர ஒரு கலம், டைட்டனுக்குள் இறங்க இன்னொன்று. அமெரிக்காவின் நாசா சுற்றும் கலத்தையும் ஐரோப்பியர்கள் இறங்கும் கலத்தையும் கட்டுவதென்று முடிவாயிற்று. முதலாவது காசினி, இரண்டாவது ஹைகன்ஸ்.

3 நிமிடம் என்ற எண் பிறந்தது இந்தக் கட்டத்தில்தான். இறங்கும் இடம் கடலா, பாறையா, சேறா என்று அன்று யாருக்கும் தெரியாது. தெரியாத தரையில் உயிர்பிழைக்கும் என்று எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போடுவார்? ஆகவே ஹைகன்ஸ் காற்றை ஆராயும் கலமாகவே வடிவமைக்கப்பட்டது. தரையிறங்குவது அந்தப் பயணத்தின் முடிவு. அதற்குப் பின் கிடைப்பதெல்லாம் கொசுறு. அதன் மின்கலங்கள் கணக்கிடப்பட்டது 153 நிமிடத்துக்கு. இறங்குவதற்கு அதிகபட்சம் இரண்டரை மணி நேரம், தரையில் குறைந்தது 3 நிமிடம். நல்ல காலமிருந்தால் அரை மணி நேரம். 318 கிலோ எடையுள்ள அந்தக் கலத்தில் இருந்தவை ஐந்து மின்கலங்கள். சனியின் தொலைவில் சூரிய ஒளி பூமியில் கிடைப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி டைட்டனின் புகைமூட்டத்தைத் தாண்டி வருவதில்லை. கொண்டுபோன மின்சாரம் தீர்ந்தால் கதை முடிந்தது.

*

1997 அக்டோபர் 15 அன்று இரு கலங்களும் ஒன்றாகப் புறப்பட்டன. வெள்ளியை இருமுறையும் பூமியை ஒருமுறையும் வியாழனை ஒருமுறையும் கடந்து, அவற்றின் ஈர்ப்பு விசையைக் கடன்வாங்கி, ஏழு ஆண்டுப் பயணம். ஹைகன்ஸ் காசினியின் விலாவில் ஒட்டிக்கொண்டு உறங்கியது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை எழுப்பி நாடி பார்த்து மறுபடி உறங்கவைத்தார்கள்.

இந்தப் பயணத்தின் நடுவே ஒருவர் கேட்ட கேள்வி இல்லையென்றால் நமக்கு எந்த எண்ணுமே கிடைத்திருக்காது. ஹைகன்ஸின் குரல் சிறியது. அதன் செய்தியை அருகே பறக்கும் காசினி வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு பூமிக்கு அனுப்ப வேண்டும். நெருங்கிவரும் ரயிலின் ஊதலொலி கூர்மையாவதுபோல, இரு கலங்களும் வேகமாக நெருங்கும்போது ரேடியோ அலையின் அதிர்வெண் மாறும். இதுவே டாப்ளர் விளைவு. காசினியின் ஏற்பிக்கு இது தெரியுமா? ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள ஐரோப்பியக் கட்டுப்பாட்டு மையத்தில் பணியாற்றிய போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளர், இதைப் பறக்கும் நிலையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். 2000 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து, ஹைகன்ஸ் பேசுவதுபோல் ஒரு போலிச் செய்தி காசினிக்கு அனுப்பப்பட்டது. வேகமாற்றத்தையும் சேர்த்துப் பாவனை செய்தபோது காசினி திருப்பி அனுப்பியது வெறும் குப்பை.

அலையின் அதிர்வெண் மாறுவதை வடிவமைத்தவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த அலைமீது ஏறிவரும் எண்களின் தாளமும் அதே அளவு மாறும் என்பதை மறந்துவிட்டார்கள். பறந்துகொண்டிருக்கும் கருவியின் உள்ளே அதைத் திருத்த வழியில்லை. ஆகவே பாதையைத் திருத்தினார்கள். டைட்டனிலிருந்து 1,200 கிலோமீட்டர் தொலைவில் பறந்திருக்க வேண்டிய காசினி, ஏறத்தாழ 60,000 கிலோமீட்டர் தள்ளிப் பறக்குமாறு மாற்றப்பட்டது. அவ்வளவு தள்ளி நின்றால் இரண்டும் நெருங்கும் வேகம் குறையும், தாளம் பிசகாது. இதற்காக இறங்கும் நாள் 2004 நவம்பரிலிருந்து 2005 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று.

*

2004 டிசம்பர் 25 அன்று ஹைகன்ஸ் காசினியிடமிருந்து பிரிந்தது. பிரிந்த பிறகு அதற்கு யாரும் எந்தக் கட்டளையும் அனுப்ப முடியாது. அதற்குப் பேசத் தெரியும், கேட்கத் தெரியாது. உள்ளே மூன்று கடிகாரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, உரிய நேரத்தில் அதை எழுப்புவதற்காக.

ஜனவரி 14 காலை அது விழித்துக்கொண்டு நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் டைட்டனின் காற்றுக்குள் பாய்ந்தது. வெப்பக் கவசம் வேகத்தைத் தின்றது. பிறகு பாராசூட்டுகள் விரிந்தன. பூமியில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் தொலைநோக்கி அதன் அலையை முதலில் பிடித்தது. சொற்கள் விளங்காத, முனகல் போன்ற அலை அது. கலம் உயிரோடிருக்கிறது என்பதைத் தவிர வேறெதுவும் அதிலிருந்து தெரியாது. ஆனால் அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. 67 நிமிடம் பயணம் செய்து வந்து சேர்ந்த அலை.

2 மணி 28 நிமிடம் மிதந்திறங்கியபின், நொடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் வேகத்தில் ஹைகன்ஸ் தரையைத் தொட்டது. பூமியில் இடுப்புயரத்திலிருந்து விழும் பொருள் ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் தரையைத் தொடும். 2012இல் வெளியான ஆய்வொன்றின்படி, அது 12 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தரையைக் குழித்து, எம்பி, சற்றே சறுக்கி, முன்னும் பின்னும் ஆடி, ஏறத்தாழ பத்து நொடியில் அடங்கியது. அதன் அடியிலிருந்த கோல் முதலில் கெட்டியாக எதிலோ மோதி, பிறகு மெத்தென்று இறங்கியது. ஜான் ஜர்னெக்கியின் குழு, மேலே முறுகலும் கீழே குழைவுமாக இருக்கும் பிரெஞ்சு இனிப்பு ஒன்றோடு தரையை ஒப்பிட்டது. கோல் ஒரு கூழாங்கல்லில் பட்டு வழுக்கியிருக்கலாம் என்று பின்னர் கருதினார்கள். இப்போது சொல்லப்படுவது: ஈர மணல் போன்ற தரை.

உறுதியளித்த 3 நிமிடம் கடந்தது. அரை மணி நேரம் கடந்தது. கலம் பேசிக்கொண்டே இருந்தது. அதன் கேமரா ஒரே திசையைப் பார்த்தபடி ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு சமவெளி, உருண்டு வழவழப்பான கற்கள். பாறைபோல் இறுகிய தண்ணீர்ப் பனிக்கட்டிகள் அவை. ஏதோ ஒரு காலத்தில் ஓடிய திரவம்தான் அவற்றை உருட்டியிருக்க வேண்டும். கலத்தின் வெம்மை தரையில் பரவியபோது காற்றில் மீத்தேன் திடுமென உயர்ந்ததை வாயுப் பகுப்புக் கருவி பதிவு செய்தது. மண்ணில் ஈரம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஒரே மாதிரியான அந்தப் படங்களை நெடுநாள் ஆராய்ந்தவர்கள், அவற்றுள் ஒன்றில் மட்டும் ஓர் ஒளிப்பொட்டைக் கண்டார்கள். கேமராவின் விளிம்பில் திரண்ட மீத்தேன் துளி, விளக்கொளியில் மின்னியபடி கீழே விழுந்திருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். அலுப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பார்த்ததன் பலன் அது.

72ஆவது நிமிடத்தில் காசினி டைட்டனின் அடிவானத்துக்குக் கீழே இறங்கியது. கேட்டதையெல்லாம் நினைவில் ஏந்திக்கொண்டு பூமியை நோக்கித் திரும்பியது.

72 நிமிடம் என்ற எண்ணுக்கு இதுவே பொருள். அதில் ஹைகன்ஸின் பலவீனம் எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்துபோன நேரம் அது. கலம் அதன்பின்னும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பேசியது. படம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாம் ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி உள்ளிட்டவை அந்த அலையைத் தொடர்ந்து கேட்டன. ஆனால் அதிலிருந்த சொற்களைப் பிரித்தறியும் அளவுக்கு அலை வலுவாக இல்லை. மின்கலம் தீர்ந்தபோது முனகலும் நின்றது. காசினி அஞ்சல் செய்த முதல் தரவு டார்ம்ஸ்டாட்டுக்கு வந்தபோது அங்கே மாலை 5 மணி 19 நிமிடம். மக்கள் கைதட்டி ஆரவாரித்த அந்த நேரத்தில், ஹைகன்ஸ் ஏற்கெனவே ஓய்ந்திருந்தது. கேட்பாரற்றுப் போதல் என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரைப்பற்றி விசாரிக்க ஆளில்லை என்ற பொருளில் சொல்வோம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

*

கேட்காமல் போனது இன்னொன்றும் உண்டு. ஹைகன்ஸ் இரண்டு வழித்தடங்களில் பேசியது. ஒன்று தவறினாலும் மற்றது இருக்கட்டும் என்ற எண்ணத்தில் பெரும்பாலான அளவீடுகள் இரண்டிலும் அனுப்பப்பட்டன. படங்களை மட்டும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். காற்றின் வேகத்தை அளக்கும் பரிசோதனை முழுவதும் முதல் தடத்தை நம்பியிருந்தது. அதற்குக் காசினியில் மிகத் துல்லியமான ஓர் அணுக் கடிகாரம் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் கடிகாரத்தை இயக்கும் கட்டளை, அனுப்பப்பட்ட கட்டளைப் பட்டியலில் இல்லை. விட்டுப்போயிருந்தது. முதல் தடம் முழுவதும் வீணாயிற்று. ஏறத்தாழ 700 படங்களில் 350 அளவுக்குத்தான் கிடைத்தன. ஊசல் கடிகாரத்தைத் தந்தவரின் பெயர் தாங்கிய கலத்துக்கு, ஒரு கடிகாரம் முடுக்கப்படாததால் வந்த இழப்பு இது. பிழை தன்னுடையது என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அப்போதே ஒப்புக்கொண்டது.

பான் பல்கலைக்கழகத்தின் மைக் பேர்ட் தலைமையிலான காற்றுப் பரிசோதனைக் குழுவில் இருந்தவர்களில் சிலர் அதற்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவர்கள். அவர்களைக் காப்பாற்றியவை பூமியிலிருந்த காதுகள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான், சீனா என்று பல நாடுகளிலிருந்து 17 ரேடியோ தொலைநோக்கிகள் அந்த நாளில் டைட்டனை நோக்கித் திரும்பியிருந்தன. சொற்கள் விளங்காவிட்டாலும், அலையின் அதிர்வெண் எப்படி ஏறி இறங்கியது என்பது பதிவாகியிருந்தது. கலத்தைக் காற்று எவ்வளவு தள்ளியது என்பதை அதிலிருந்தே கணக்கிட்டார்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டிய சூறை. தரையருகே மெல்லிய அசைவு மட்டும். 2005 டிசம்பரில் இந்த முடிவுகள் வெளியாயின. சில ஆண்டுகளுக்கு முன் காசினியின் காதைக் குழப்பிய அதே டாப்ளர் விளைவுதான் இங்கே உதவிக்கு வந்தது.

*

இது ஹைகன்ஸுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1970 டிசம்பர் 15 அன்று சோவியத் யூனியனின் வெனீரா-7 வெள்ளிக்கிரகத்தில் மோதி இறங்கியபோது அதன் குரல் அடங்கிவிட்டதாகவே நினைத்தார்கள். பிறகு ஒலிநாடாக்களைத் துருவியபோது, நூற்றில் ஒரு பங்காக மெலிந்த சமிக்ஞை 23 நிமிடம் தொடர்ந்திருந்தது தெரிந்தது. வேறொரு கிரகத்தின் தரையிலிருந்து மனிதர்களுக்குக் கிடைத்த முதல் செய்தி, கேட்டுவிட்டுக் கவனிக்காமல் விட்ட செய்தி. 1975இல் வெனீரா-9 அதே கிரகத்தில் 53 நிமிடம் பேசியது. அதை முடித்துவைத்தது வெள்ளியின் உலைவெப்பமல்ல. செய்தியை வாங்கிக்கொண்டிருந்த சுற்றுக்கலம் எல்லை தாண்டிப் போனதுதான். 1982இல் 32 நிமிடத்துக்கெனக் கட்டப்பட்ட வெனீரா-13 அங்கே 127 நிமிடம் தாங்கியது. உறுதியளித்ததைவிட அதிகம் வாழ்வது இந்தக் கலங்களின் குணமாக இருந்திருக்கிறது. அந்த வாழ்வில் எவ்வளவு நம்மை வந்தடைந்தது என்பது நாம் செய்திருந்த ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஆகவே, ஒரு கலம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்று படிக்கும்போது அந்த எண் எதன் ஆயுள் என்று கேட்டுப்பார்ப்பது நல்லது. கருவியுடையதா, மின்கலத்துடையதா, கேட்டவருடையதா? வரலாற்றில் பதிவாவது பெரும்பாலும் மூன்றாவதுதான். மனிதர்களின் வரலாற்றுக்கும் இது பொருந்தும். ஏட்டில் எழுதி வைத்தவர் எழுந்துபோன இடத்தோடு ஒருவருடைய பேச்சு முடிந்துவிட்டதென்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

ஹைகன்ஸ் இறங்கிய இடத்துக்கு, ஐரோப்பிய விண்வெளித் துறையை வளர்த்தவர்களில் ஒருவரான ஊபெர் கூரியனின் நினைவாக 2007இல் பெயர் சூட்டப்பட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த காசினி, எரிபொருள் தீரும் நிலையில், சனியின் நிலவுகளைப் பூமியின் நுண்ணுயிர்கள் மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள்ளேயே செலுத்தப்பட்டு எரிந்துபோனது. சூரியக் குடும்பத்தின் அந்தத் தொலைவில் மனிதர்களின் கலம் இறங்கிய ஒரே தரை இன்றுவரை டைட்டன்தான்.

அங்கே அடுத்துச் செல்லவிருப்பது நாசாவின் டிராகன்ஃபிளை. 2028இல் ஏவி, 2034இல் இறக்குவதாகத் திட்டம். விசிறிகளால் பறந்து இடம்விட்டு இடம் போகும் கலம் அது. மின்கலத்தை மட்டும் நம்பாமல் அணுக்கதிர் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும். அதற்கு இடைத்தரகராகச் சுற்றுக்கலம் எதுவும் கிடையாது. பூமியோடு நேரடியாகப் பேசும். டைட்டனின் ஒரு நாள் நம் கணக்கில் ஏறத்தாழ 16 நாள். அதில் எட்டு நாள் பூமி அடிவானத்துக்கு மேலே இருக்கும், எட்டு நாள் கீழே இருக்கும். கேட்பவர் மறைந்திருக்கும் அந்த எட்டு நாளும் டிராகன்ஃபிளை பேச்சை நிறுத்திவிட்டு, பூமி மறுபடி உதிக்கும்வரை காத்திருக்கும். ஹைகன்ஸுக்குக் காத்திருக்க மின்சாரம் இல்லை.